வண்டி சம்சாரிக்கும்

இனிமேல் தன் கார் வாயைத் திறந்து பேசித்தான் ரோட்டில் போகும் என்று ரெத்தினதாஸ் பாறசாலை ஜங்ஷனில் நின்று முடிவெடுத்தார். வீட்டில் தனக்குக் கிடைக்காத சுதந்திரம் வண்டிக்காவது கிடைக்கட்டும்.

எல்லாம் பக்கத்து வீட்டு சுந்தரதாஸ் செய்த வேலை. ரப்பர் ஷீட் வியாபாரத்தில் சேர்த்ததையெல்லாம் கொட்டி ரெத்தினதாஸ் வாங்கிய டீசல் காரின் முதுகில் 'டர்போ' என்று சிவப்பில் எழுதியிருந்தது. சுந்தரதாஸிடம் இருந்ததோ ஒரு ஓட்டை ஜீப். ஜீப் வந்தால் அதன் சத்தத்தில் ஜங்ஷனே திரும்பிப் பார்க்கும். டர்போ வந்தால் மீன்கூடைப் பக்கம் படுத்திருக்கும் பூனைகூட எழுந்திருக்காது.

"எலே மக்கா, டர்போ உள்ள உண்டா, இல்ல எழுத்து மட்டும்தானா?" என்று சுந்தரதாஸ் நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டார்.

மறுநாளே நெய்யாற்றின்கரையில் மெக்கானிக் சதாசிவன் முன்னால் கார் நின்றது. சதாசிவனுக்குத் தமிழ் புரியும். வாயில் வருவது மலையாளம்.

"முதலாளீ, வண்டி நல்லா சம்சாரிக்கணும், அல்லே?"

"சம்சாரமா? அவ வீட்டிலயாக்கும். அவளுக்கு ஒண்ணும் தெரியாது, நீ சொல்லிராத!"

சதாசிவன் சிரித்துச் சிரித்து ஸ்பேனரைக் கீழே போட்டான். அவன் பாஷையில் சம்சாரம் என்றால் பேச்சு. ரெத்தினதாஸின் பாஷையில் சம்சாரம் என்றால் சுகுமாரி. இரண்டு பாஷையும் தெரிந்தவர்தான் ரெத்தினதாஸ். ஆனாலும் அந்தச் சொல் காதில் விழுந்தால் முதலில் பயம் வரும், அர்த்தம் பிறகுதான் வரும்.

டர்போ உள்ளுக்குள் எப்போதும் விசில் அடித்துக்கொண்டுதான் இருக்கிறதாம். கம்பெனிக்காரன் வைத்த ஏர் ஃபில்டர் பெட்டியும் சைலென்ஸரும் அதன் வாயைப் பொத்தி வைத்திருக்கின்றனவாம். இரண்டையும் கழற்றிவிட்டு, காற்று போகிற வாயில் ஒரு கம்பிவலைத் தொப்பியை மாட்டினால் போதும்.

"பட்சே வலையில பொடி நிக்காது. உள்ளே கேறும். டர்போக்குள்ள கறங்குற சின்ன விசிறி தேயும். பின்னே என்னெக் குற்றம் பறயருது" என்று சதாசிவன் முன்கூட்டியே கையைக் கழுவிக்கொண்டான்.

தூசி எல்லாம் ரெத்தினதாஸுக்குப் பெரிதாகப் படவில்லை. சுகுமாரியிடம் எப்படிச் சொல்வது என்பதே பெரிதாக இருந்தது. புது ஹார்ன் ஒன்று வாங்கியதற்கே ஒரு வாரம் ரசத்தில் உப்பு போடாதவள்.

அவர் வாசலில் நின்றபடியே சொல்லி முடித்தார். ஓட வசதியாக இருக்கும்.

சுகுமாரி தேங்காய் துருவுவதை நிறுத்தினாள்.

"செய்யுங்க" என்றாள்.

"என்னது?"

"செய்யுங்கன்னு சொன்னேன். மனுசனுக்கு ஒரு ஆசை உண்டும்லா. ஆனா ஒண்ணு. அரைகுறையா செய்யாதிய. நல்லா தூரத்துக்குக் கேக்கணும்."

"நீ... திட்டலியா?"

"கழட்டுத சாமானை எங்கயும் எறிஞ்சிராதிய. இஞ்ச கொண்டு வாங்க, நான் மச்சில வைக்கேன்."

ரெத்தினதாஸுக்கு அன்று சோறு இறங்கவில்லை. திட்டு வாங்கியிருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார். இது என்ன சம்மதம்? யார் வீட்டுச் சம்மதம்?

சந்தேகம் இருந்தாலும் வேலை நடந்தது. கார் திறந்த வாயோடு ஜங்ஷனுக்குள் நுழைந்தது. முன்னால் விசில், பின்னால் உறுமல். கோழிகள் கூரை ஏறின. பூனை அந்த ஊரையே விட்டுப் போனது. சுந்தரதாஸ் காதைப் பொத்திக்கொண்டு, "கொள்ளாம் மக்கா, கொள்ளாம்" என்றார். ரெத்தினதாஸ் அதைக் கேட்பதற்காக இரண்டு தடவை திரும்பி வந்தார்.

அதன் பிறகுதான் வீட்டில் விசித்திரங்கள் தொடங்கின.

ரெத்தினதாஸுக்கு சர்க்கரை வியாதி உண்டு. சுகுமாரி வீட்டிலிருந்து சீனி டப்பாவையே நாடு கடத்திவிட்டாள். ஆனால் அவர்கள் வீடு இருக்கும் மேட்டின் கீழே குளம். குளத்துக்கு அக்கரையில் செல்லசாமியின் டீக்கடை. அங்கே சாயங்காலம் மாவில் முக்கிப் பொரித்தெடுக்கும் பழம்பொரியும் சீனி தூக்கலாகப் போட்ட சாயாவும் அவருடைய ஒரே சந்தோஷம். அந்தப் பழமும் அவர் தோட்டத்து ஏத்தன் வாழைப்பழம்தான். சுகுமாரிதான் குலை குலையாகக் கடைக்குக் கொடுக்கிறாள். தன் பழத்தைத் தான் தின்பது எப்படித் திருட்டாகும்?

இத்தனை நாள் ஒரு ஈக்கும் தெரியாது. இப்போது பழம்பொரி தின்ற அன்றெல்லாம் ராத்திரிக்கு கஞ்சியும் பாகற்காயும். தின்னாத அன்று நெய்மீன் குழம்பு.

முதலில் தற்செயல் என்று நினைத்தார். பிறகு கிராம்பு மென்று பார்த்தார். பாகற்காய் வந்தது. மீசையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். பாகற்காய் வந்தது. கடையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அன்றைக்குக் கஞ்சி இன்னும் தண்ணீராக இருந்தது.

கடையையே மாற்றி, சர்ச் பக்கத்துக் கடைக்குப் போனார். வீட்டு வாசலில் கால் வைக்கவில்லை, அதற்குள் சுகுமாரி கேட்டாள்:

"இன்னைக்கு சர்ச்சுக்க கிட்ட என்ன விசேஷம்?"

"ஜெபம்... ஜெபம் பண்ணப் போனேன்."

"வியாழக்கிழமையா? நல்ல காரியமாக்கும். கஞ்சி ஆறுது."

உளவு சொல்ல ஆள் வைத்திருக்கிறாள்! யார்? சுந்தரதாஸ்தான். வேறு யாருக்கு இவ்வளவு பொறாமை? வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ரெத்தினதாஸ் கத்தினார்.

"எலே, என் வயித்துக் காரியத்தை என் பெஞ்சாதிட்ட ஓதுத வேலைய என்னைக்கு எடுத்த?"

"உனக்க வயித்தைப் பாக்க எனக்கு வேற சோலி இல்லியா? பைத்தியம் பிடிச்சிட்டா?"

அன்றோடு பேச்சு நின்றது. சில நாளில் வண்டியின் பேச்சும் கெட்டது. விசில் ஊளையானது. பின்னால் நீலப் புகை. மேட்டில் ஏறும்போது கார் இருமி இருமி நின்றது.

சதாசிவன் டர்போவைத் திறந்து காட்டினான். விசிறியின் ஓரங்களைத் தூசி எலி மாதிரி கொறித்திருந்தது. உள்ளே எண்ணெய் கசிந்து எரிந்திருந்தது.

"ஞான் பறஞ்ஞில்லே? புது டர்போ போடலாம். பட்சே பழைய பெட்டி இல்லெங்கில் அதும் போகும்."

ரெத்தினதாஸ் மச்சின் கீழே போய்க் கைகட்டி நின்றார்.

"சுகு, அந்தப் பெட்டியும் சைலென்ஸரும்..."

"தாறேன். வண்டி சரியானதும் முதல்ல சுந்தரதாஸ் அண்ணன்ட்ட போய் மன்னிப்புக் கேளுங்க. பாவம், அவரு எங்கிட்ட ஒண்ணும் சொல்லேல்ல."

"பின்ன ஆரு சொன்னது?"

"உங்க வண்டிதான். ஜங்ஷன்லேருந்தே விசில் கேக்கும். குளத்துக்க அக்கரையில வந்ததும் நிக்கும். பழம்பொரி தின்னுத நேரம் கழிச்சு மறுபடி கேக்கும். சர்ச் பக்கம் நின்னா சத்தம் இடது காதில. எனக்கு ரெண்டு காது உண்டும்லா?"

ரெத்தினதாஸ் தரையில் உட்கார்ந்துவிட்டார். நல்லா தூரத்துக்குக் கேட்கணும் என்று அவள் சொன்னது இதற்குத்தான். அன்று சோறு இறங்காதது சும்மா இல்லை.

சுகுமாரி மச்சில் ஏறி, துணி சுற்றி வைத்திருந்த பெட்டியையும் சைலென்ஸரையும் இறக்கிக் கொடுத்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு. ரெத்தினதாஸுக்கு மறுபடியும் சந்தேகம் வந்தது. ஆனால் பழம்பொரியின் வாசனை அதைவிடப் பெரிது.

புது டர்போ வந்தது. கம்பெனிச் சாமான்கள் அதனதன் இடத்தில் ஏறின. கார் பழையபடி ஊமையானது. அவருக்கு அப்படி ஒரு ஆனந்தம். சுந்தரதாஸிடம் மன்னிப்புக் கேட்ட கையோடு, குளத்துக்கரையில் ஒரு தவளைகூடத் திரும்பிப் பார்க்காதபடி வந்து, செல்லசாமி கடை முன்னால் காரை நிறுத்தினார். பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"செல்லசாமி, ரெண்டு பழம்பொரி. சாயாவில சீனி கொஞ்சம் கூடுதலா."

செல்லசாமி அவர் முன்னால் பால் சேராத ஒரு கிளாஸ் கட்டன்சாயாவைக் கொண்டுவந்து வைத்தார். சீனி இல்லை. தட்டும் இல்லை.

"என்னவே இது?"

"கோவிக்காதிய முதலாளி. உங்களுக்குப் பழம்பொரி தந்தா எனக்கு இனி குலை கிடையாதாம்" என்றார் செல்லசாமி. "வண்டி சம்சாரிக்காட்டி என்ன, சம்சாரம் காலையிலேயே வந்து சம்சாரிச்சிட்டுப் போச்சு."