வாடகை உயர்வு குறித்து, கதவின் அடிவழியாக

மதிப்பிற்குரிய வாடகை ஏஜெண்ட் ஐயா அவர்களுக்கு,

மூன்றாம் மாடி பின்பக்க வீட்டில் குடியிருப்பவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. நானும் மனைவியும் மகளும் நலம். தாங்களும் நலம் என்பது கதவைத் தட்டும் வேகத்திலேயே தெரிகிறது. தாங்கள் தற்சமயம் எங்கள் குளியலறைக்குள் மாட்டிக்கொண்டிருப்பதால் தபால் செலவு மிச்சம். இதைக் கதவின் அடிவழியாகத் தள்ளுகிறேன். தரை ஈரம், சீக்கிரம் எடுத்துக்கொள்ளவும்.

பொருள்: அடுத்த மாதம் முதல் வாடகையில் கால் பங்கு உயர்வு என்ற தங்கள் கடிதத்துக்கு ஆட்சேபம்.

வாயால் பேசாமல் ஏன் எழுதுகிறான் என்று கோபிக்கக் கூடாது. இது தங்கள் ஆபீஸ் வழக்கம். குளியலறைக் கதவு உப்பிப்போய், உள்ளே போனவரை வெளியே விடமாட்டேன் என்கிறது என்று இரண்டு வருஷத்தில் பதினோரு தடவை வந்து சொன்னேன். பதினோரு தடவையும் தலை நிமிராமல், "எதுவா இருந்தாலும் எழுத்துல குடுங்க தம்பி, ஏழு வேலைநாள்ல பார்க்கலாம்" என்றீர்கள். எழுதியும் கொடுத்தேன். அந்தத் தாளின் பின்பக்கத்தில் வேறு யாருக்கோ வழி வரைந்து கொடுத்தீர்கள். இப்போது உள்ளேயிருந்து "தம்பி, திறங்க தம்பி" என்கிறீர்கள். வாய்ச்சொல்லை ஏற்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆள் அனுப்பச் சொல்லி உங்கள் ஆபீஸுக்கே போன் போட்டீர்களே, ஸ்பீக்கரில் நாங்களும் கேட்டோம். "சார், எழுத்துல இல்லாம எதையும் வாங்காதன்னு நீங்கதானே சார் சொன்னீங்க" என்றார் அங்கே வேலை பார்க்கும் பெண். அவர் மேல் கோபப்படாதீர்கள். நீங்கள் தருகிற சம்பளத்துக்கு அவர் போனை எடுத்ததே அதிகம்.

உயர்வுக்குக் காரணமாக "விசாலமான குளியலறை, அனைத்தும் நல்ல நிலையில்" என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு அத்தாட்சியாகப் போட்டோ எடுக்க இன்று காலை வந்தீர்கள். ரெண்டு தடவை எடுத்தும் அந்த விசாலம் போட்டோவுக்குள் அடங்கவில்லை. கதவைச் சாத்தி அதில் முதுகை ஒட்டிக்கொண்டு எடுக்கலாம் என்று நினைத்தீர்கள். "சாத்தாதீங்கண்ணே, மாட்டிக்கும்"னு என் மனைவி சொன்னா. "எனக்குத் தெரியாத வீடாம்மா"ன்னு சிரிச்சுக்கிட்டே சாத்துனீங்க. அதுக்கப்புறம் சிரிப்புச் சத்தம் கேக்கல. "என்னய்யா இது, வாளியும் என் முழங்காலும்தான் போட்டோல விழுது"ன்னு நீங்க முனகினது மட்டும் கேட்டுச்சு.

ஐயா, இந்த உயர்வு வந்தால் நாங்கள் காலி செய்ய வேண்டியதுதான். என் மனைவி பெருக்கித் துடைக்கும் கிளினிக் இங்கிருந்து நடக்கிற தூரம். நான் லேபிள் ஒட்டும் மருந்துக் குடோனும் பக்கம். எங்கள் சம்பளத்துக்கு அடுத்த வீடு ரெண்டு பஸ் மாறிப் போகிற இடத்தில்தான் கிடைக்கும். ஊரைச் சுத்தம் பண்றவங்க ஊருக்கு வெளியேதான் இருக்கணும்னு யாரு எழுத்துல குடுத்தாங்கன்னு தெரியல.

ஒரே வேண்டுகோள். ஆய்வுப் படிவம் உங்கள் கையில்தான் இருக்கிறது. போன தடவை வாசலில் நின்றபடியே எல்லாவற்றுக்கும் 'நன்று' என்று டிக் போட்டுவிட்டுப் போனீர்கள். இன்று சாவகாசமாக உள்ளே இருக்கிறீர்கள். கண்ணில் படுவதை மட்டும் எழுதிக் கையெழுத்திட்டு இதே வழியாக அனுப்பவும். தச்சருக்குச் சொல்லியிருக்கிறோம், மதியத்துக்கு மேல் வருவார். அதுவரை குழாயைத் தொட வேண்டாம், கையோடு வந்துவிடும்.

வீட்டில் அண்ணியை என் மனைவி விசாரித்ததாகச் சொல்லவும். தாங்கள் சகல நலமும் பெற்று, விரைவில் வெளியே வர வாழ்த்தும்,

மூன்றாம் மாடிக் குடித்தனக்காரன்

பி.கு. (தனித் தாளில், அதே கதவின் அடிவழியாக): படிவம் வந்து சேர்ந்தது. "கதவு: படுமோசம். சுவர்: பூஞ்சை. மூச்சுவிட இடமில்லை" என்று மணிமணியாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டு உரிமையாளருக்கு என் மனைவி இப்போதுதான் படம் பிடித்து அனுப்பினாள். தச்சருக்கு யாரும் சொல்லவில்லை. கைப்பிடியைப் பிடித்துக் கதவைக் கொஞ்சம் மேலே தூக்கி உங்கள் பக்கம் இழுங்கள், திறந்துகொள்ளும். எங்கள் ஆறு வயது மகள் அப்படித்தான் திறக்கிறாள். இந்தக் கதவோடு எப்படிக் குடித்தனம் பண்ணுகிறீர்கள் என்று இரண்டு வருஷத்தில் ஒரு தடவை கேட்டிருந்தால், அப்போதே சொல்லியிருப்போம்.