ஸ்கோப் பெரியப்பா

சோதிடர்கூடப் பிறந்த தேதியும் நேரமும் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார். நான் இங்கே அறிமுகப்படுத்தப்போகும் இனத்துக்கு அந்தச் சங்கடமெல்லாம் கிடையாது. உங்கள் வீட்டுப் பிள்ளை பள்ளி இறுதித் தேர்வு எழுதிவிட்டது என்ற செய்தி காதில் விழுந்தால் போதும். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, நாற்காலியை மின்விசிறிக்கு நேராக இழுத்துப் போட்டு, கொடுத்த தண்ணீரில் பாதியைக் குடித்து, மீதியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, அடுத்து என்ன என்று கேட்பார். நீங்கள் எந்தப் படிப்பைச் சொன்னாலும் உதட்டைப் பிதுக்குவார். அதற்கு இப்போது ஸ்கோப் இல்லையே என்பார். ஸ்கோப். இந்த ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஓர் ஆயுளை மரியாதையாக ஓட்டிவிடலாம் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நான் பார்த்தவர் எங்கள் முதலாளியின் அண்ணன். முதலாளி கல்லூரிச் சாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர். நான் அங்கே கணினியில் டைப் அடிப்பவன். முதலாளியின் மகள் அவரைப் பெரியப்பா என்று கூப்பிட, கடைக்கு வரும் மாணவர்களும் பெரியப்பா என்றார்கள். அவர் தலை மறைந்ததும் முன்னால் ஒரு 'ஸ்கோப்' சேர்த்துக்கொண்டார்கள்.

பெரியப்பா குடிநீர் வாரிய அலுவலகத்தில் முப்பத்தொரு வருஷம் ஒரே நாற்காலியில் இருந்து ஓய்வு பெற்றவர். வாழ்க்கையில் அவர் போனது ஒரே ஒரு நேர்முகத் தேர்வு. அதில் கேட்கப்பட்டதும் ஒரே கேள்வி: "நாளைக்கே வந்து சேந்துடுறீங்களா, மாப்பிள்ளை?" கேட்டவர் அவருடைய மாமனார். வேலை தேடுவதில் இவ்வளவு அனுபவம் உள்ளவர் பிறருக்கு வழிகாட்டாமல் வேறு யார் காட்டுவது?

அவரிடம் ஆதாரத்துக்கும் பஞ்சமில்லை. எந்தப் படிப்பைப் பற்றிப் பேசினாலும், "எனக்குத் தெரிஞ்ச ஒரு பையன்" என்று தொடங்குவார். அந்தப் பையன் அதே படிப்பைப் படித்தான், வெளிநாடு போனான், வீடு கட்டினான். நான் கடையில் சேர்ந்த பிறகு மட்டும் அந்தப் பையன் ஆறு பட்டம் வாங்கியிருக்கிறான். கெடு மட்டும் எப்போதும் ஒன்றுதான்: இன்னும் அஞ்சு வருஷத்துல எல்லாமே இதுதான். ஐந்து வருஷம் கழித்து யாராவது வந்து கேட்டால், படிப்பில் குறையில்லை, நீ படித்ததில்தான் குறை என்று சொல்லிவிடலாம்.

முதலாளியின் மகளுக்குப் புள்ளியியல் படிக்க ஆசை. அந்த வயதிலேயே கடையில் எந்த மாதம் எத்தனை ரீம் காகிதம் ஓடும் என்று முன்கூட்டியே சொல்லுவாள். பெரும்பாலும் சரியாக இருக்கும். பெரியப்பா கேட்டார், வீடு வீடாகப் போய் எத்தனை பேர் என்று எண்ணுகிற வேலையா அது என்று. பிறகு தம்பியின் பக்கம் திரும்பி, மேனேஜ்மென்ட் சேர்த்துவிடு என்றார். எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ஒரு மேனேஜர் இல்லாமல் நடக்குமா?

நடக்காது. அது உண்மைதான். ஒரு கம்பெனிக்கு ஒருவர் போதும் என்ற மீதி உண்மையை மட்டும் யாரும் கவனிக்கவில்லை. அதே வருஷம், அதே வாக்கியத்தை, நகரத்தின் அத்தனை வீடுகளிலும் அத்தனை பெரியப்பாக்களும் மாமாக்களும் பாதி தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டு சொல்லியிருக்கிறார்கள். அவள் கல்லூரியில் மட்டும் நான்கு பிரிவு, பிரிவுக்கு எழுபது பேர். பக்கத்தில் இன்னும் பதினொரு கல்லூரிகள். மூன்று வருஷத்தில் ஊர் முழுக்க மேனேஜர்கள் தயாராகி நின்றார்கள். அவர்களுக்குக் கீழே வேலை செய்யத்தான் ஆள் இல்லை.

இதை என்னைவிட நன்றாக அறிந்தவர் இருக்க முடியாது, ஏனென்றால் அவர்களுடைய ரெஸ்யூமை அடித்துக் கொடுத்தவன் நான். பெயரையும் தொலைபேசி எண்ணையும் மாற்றினால் போதும். சவால்களை விரும்புவதும், குழுவோடு இணைந்து உழைப்பதும், கடின உழைப்பும் எல்லாருக்கும் பொதுச் சொத்து. ஒருமுறை ஒருவருடைய மதிப்பெண்களை இன்னொருவர் பெயரில் அடித்துக் கொடுத்துவிட்டேன். வாங்கிப் போனவரும் கவனிக்கவில்லை, நேர்முகத்துக்கு அழைத்த நிறுவனமும் கவனிக்கவில்லை.

முதலாளியின் மகள் பத்தொன்பது நேர்முகத் தேர்வுக்குப் போனாள். பத்தொன்பதாவதில் வேலை கிடைத்தது. பதவி, இளநிலை மேலாளர். வேலை, தெருத்தெருவாகப் போய்த் தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்பது. சம்பளத்தை அவள் கடையில் வந்து சொன்னபோது, புத்தகத்துக்குப் பசை தடவிக்கொண்டிருந்த பைண்டிங் அண்ணன் நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சட்டென்று குனிந்துகொண்டார். அவர் வாங்குவது அதைவிடக் கூடுதல். முதலாளி கல்லாவைத் திறந்து, எதையும் எடுக்காமல் மூடினார். அவள் இரண்டாவது மிஷினுக்குப் பின்னால் போய்க் காகிதக் கட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள். அடுக்கிய கட்டுகளைக் கலைத்து மறுபடியும் அடுக்கினாள். அன்று முழுக்க அவளிடம் யாரும் பேசவில்லை.

பெரியப்பா பேசினார். வெறும் பட்டத்தை இப்போது யார் மதிக்கிறார்கள், மேல்படிப்புப் படி என்றார். மேல்படிப்புக்குப் பணம் ஏது என்று தம்பி கேட்டதும், அப்படியானால் ஒரு சான்றிதழ்ப் படிப்பு போதும் என்று இறங்கிவந்தார். அவள் கருவி விற்பதை விட்டுவிட்டு அதையும் முடித்தாள். அதன் பிறகு, படிப்பில் என்ன இருக்கிறது, எல்லாம் தொடர்புதான் என்று கண்டுபிடித்தார். பெரிய இடத்தில் இருக்கும் தன் பழைய நண்பர் ஒருவரிடம் அவளை அழைத்துப் போனார். நண்பர் ஏதோ ஒரு நிறுவனத்தில் பணியாளர் பிரிவின் தலைவர். மூன்று மணி நேரம் வரவேற்பறையில் உட்கார்த்தி வைத்துவிட்டு உள்ளே கூப்பிட்டார், அவளுடைய கோப்பை வாங்கி, திறக்காமலே மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு பெரியப்பாவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டாராம்: "நீங்க விஷயம் தெரிஞ்சவரு. நம்ம பையன் இந்த வருஷம் முடிக்கிறான். எதுக்குங்க இப்ப ஸ்கோப்?"

பெரியப்பா சளைத்தாரா? முக்கால் மணி நேரம் சொன்னார். நண்பர் மேஜை ஓரத்துக் கோப்பிலிருந்து கைக்கு வந்த ஒரு காகிதத்தை உருவிக் குறித்துக்கொண்டார். அது அவளுடைய ரெஸ்யூமின் பின்பக்கம் என்பதை அவள் மட்டும் பார்த்தாள்.

மறுநாள் அவள் ஒரு நீளமான நோட்டை எடுத்தாள். ரெஸ்யூம் அடிக்க வருகிற ஒவ்வொருவரிடமும் நாலு கேள்வி கேட்டாள்: என்ன படித்தீர்கள், எத்தனை மாதமாகத் தேடுகிறீர்கள், கிடைத்த வேலை என்ன, யார் சொல்லி இந்தப் படிப்பில் சேர்ந்தீர்கள். சிலர் முறைத்தார்கள். பலர் உட்கார்ந்து கொட்டினார்கள். அதுவரை அவர்களிடம் அறிவுரை சொன்னவர்களே தவிரக் கேட்டவர்கள் யாருமில்லை போலும். எட்டு மாதத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர்.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய அத்தை மகனோடு வந்தார், முதலாளிக்கும் பெரியப்பாவுக்கும் தங்கை. அவனைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் டேட்டா சயின்ஸ் படிப்பில் சேர்க்க விண்ணப்பம் அடிக்க வேண்டும். கட்டணத்துக்காகத் தன் பெயரில் இருந்த ஒரே மனையை விற்க முன்பணமும் பேசிவிட்டார். அண்ணன் சொல்லியிருக்கிறார், இன்னும் ஐந்து வருஷத்தில் எல்லாமே டேட்டாதான் என்று. அண்ணனும் கூடவே வந்து மின்விசிறிக்கு நேராக அமர்ந்திருந்தார்.

முதலாளியின் மகள் அந்த நோட்டை அத்தையின் மடியில் வைத்தாள். அந்தக் கல்லூரியில் அதே படிப்பை முடித்தவர்கள் இதில் இருபத்தாறு பேர் என்றாள். அந்த வேலையில் இருப்பவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று விரலை வைத்து வாசித்தாள். அத்தை மூக்குக்கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் பார்த்தார். பெரியப்பா தொண்டையைச் செருமி, எனக்குத் தெரிந்த ஒரு பையன் என்று தொடங்கினார்.

"அந்தப் பையன் பேரு என்ன பெரியப்பா?" என்றாள். "நோட்டுல எழுதிக்கிறேன்."

இத்தனை வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. பெரியப்பா மின்விசிறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பேரா முக்கியம் என்றார். பிறகு, அந்தக் காலத்தில் நீ படிக்க ஆசைப்பட்டதைப் படித்திருந்தால் இன்று இதே துறையில்தான் இருந்திருப்பாய் என்று, வேறு யாரோ தடுத்ததைப் போல வருத்தப்பட்டார். முதலாளி அண்ணனை ஒரு பார்வை பார்த்தார். இருபத்தைந்து வருஷத்தில் அப்படி ஒரு பார்வையை நான் அவரிடம் கண்டதில்லை.

அத்தை கலங்கிப்போய், அப்படியென்றால் இவனை எதில்தான் சேர்ப்பது, நீயே சொல்லம்மா என்றார்.

"எனக்குத் தெரியாது அத்தை," என்றாள் அவள். "ஆனா மனைய வித்தா திரும்ப வாங்க முடியாதுன்னு மட்டும் தெரியும். அவனுக்கு என்ன புடிக்கும்னு கேட்டீங்களா?"

அத்தை மகனைப் பார்த்தார். பையன் சுவரைப் பார்த்தான். யோசிக்கணும் என்றான். அன்று விண்ணப்பம் அடிக்கப்படவில்லை. மனை இன்னும் அத்தை பெயரில்தான் இருக்கிறது.

தெரியாது. இந்த இனத்தின் அகராதியில் இல்லாத ஒரே சொல். அதை அவ்வளவு சாதாரணமாக ஒருத்தி சொன்னதைக் கேட்டுப் பெரியப்பா ஆடிப்போயிருக்க வேண்டும். இரண்டு நாள் கடைப்பக்கமே வரவில்லை. திருந்திவிட்டார் என்று நானும் பைண்டிங் அண்ணனும் பேசிக்கொண்டோம். மூன்றாம் நாள் வந்தார். அந்த நோட்டை முழுசாக ஜெராக்ஸ் எடுக்கச் சொன்னார். இரண்டு பிரதி, இருபுறமும். அதற்கப்புறம் எந்த வீட்டுக்குப் போனாலும், "நாங்க எடுத்த கணக்குப்படி" என்று தொடங்குகிறாராம். மரியாதை இரட்டிப்பாகிவிட்டது.

அவள் கதைக்கு வருகிறேன். நோட்டுக்காக ஒருநாள் மருந்துக் கிடங்கு ஒன்றின் ஓட்டுநரிடம் பேசிக்கொண்டிருந்தாள். கிடங்கில் நாலு மேனேஜர் இருந்தும், எந்த மருந்து எப்போது காலாவதியாகும் என்று பார்க்க ஒருவரும் இல்லை, பெட்டி பெட்டியாகக் கொட்டுகிறோம் என்று அவர் அலுத்துக்கொண்டார். அடுத்த வாரமே அவள் அங்கே போய், எந்த மருந்து எந்த மாதம் எவ்வளவு போகும், எது தேங்கும் என்று கணக்கிட்டுச் சொல்கிறேன், மூன்று மாதம் பாருங்கள் என்றாள். பார்த்தார்கள். முதல் வருஷம் சம்பளம் சுமார்தான். இரண்டாம் வருஷம் தூக்கிக் கொடுத்தார்கள். இப்போது அவளுக்குக் கீழே இரண்டு மேனேஜ்மென்ட் பட்டதாரிகள் வேலை செய்கிறார்கள். காலையில் கடையைத் தாண்டிப் போகும்போது கையசைப்பாள். நடையில் அவசரம் இருக்கும், கவலை இருக்காது.

இவ்வளவு தூரம் படித்துவிட்டு, நல்லவேளை, நாம் அந்தப் பெரியப்பாவைப் போல இல்லை என்று நிம்மதியாகச் சாய்ந்திருக்கிறீர்கள். சந்தோஷம். ஒரே ஒரு சந்தேகம். மருந்துக் கிடங்கு என்று படித்ததும், அட, இதில் நல்ல வழி இருக்கும்போலிருக்கிறதே, பக்கத்து வீட்டுப் பெண் சும்மாதானே இருக்கிறாள், சாயங்காலம் போய் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று உங்களுக்குத் தோன்றவில்லை அல்லவா?

தோன்றியதா? போய்ச் சொல்லுங்கள். தண்ணீர் கொடுத்தால் முழுவதையும் குடித்துவிடுங்கள்.