பயனாளி பெயர் பதியவும்

எளிமையாக்குபவர் என்ற இனத்தை உங்களுக்குத் தெரியும். கொசுவைப் போல எல்லா ஊரிலும் உண்டு. கொசுவாவது கடித்துவிட்டுப் போய்விடும், இவர் கடித்துவிட்டு, "எப்படி இருந்தது, அஞ்சுக்கு எத்தனை மார்க்?" என்று கேட்டு நிற்பார். தன்பாட்டுக்கு ஒழுங்காக நடந்துகொண்டிருக்கிற எதைக் கண்டாலும் அவருக்குக் கை அரிக்கும்.

திண்டுக்கல்லில் இந்த இனத்துக்கு நல்ல மாதிரி ஆண்டனிராஜ். சென்னையில் மூன்று மாதம் 'யூசர் எக்ஸ்பீரியன்ஸ்' படித்துவிட்டு 2006-இல் ஊர் திரும்பினார். யூசர் யார்? கம்ப்யூட்டரைத் தொடுகிறவர். தொடாதவர்? நாளைய யூசர். "யூசர்தாங்க நமக்குத் தெய்வம்" என்பார். வாஸ்தவம். தெய்வத்திடம் யாராவது 'உனக்கு என்ன வேண்டும்' என்று கேட்கிறார்களா? இவரும் கேட்டதில்லை.

தனியார் பஸ் முதலாளி ஒருவர் இவர் கையில் சிக்கினார். அவருடைய பஸ்கள் கிளம்பும் இடத்தில், சுவரில் பெயின்டால் எழுதிய நேர அட்டவணை இருந்தது. ஊர், நேரம், அவ்வளவுதான். பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டே படிக்கலாம். அழகில்லை என்று அதன்மேல் வெள்ளையடிக்க வைத்தார் ஆண்டனிராஜ். அந்தச் சுவரில் தொடுதிரை ஏறியது. தொட்டால் மேகம் நகரும், தாமரை விரியும், தாமரைக்குள்ளிருந்து எழுத்து வரும்: 'பயனாளி பெயர் பதியவும்.'

யூசருக்கு அவர் கண்டுபிடித்த தமிழ் அது. ஆனால் எங்கள் பக்கம் பயனாளி என்றால் ஒரே அர்த்தம்தான்: அரசாங்கத்திடம் ஏதோ வாங்கப்போகிறவர். எட்டு மணிக்கு ஒருவர் அதைப் படித்தார். ஒன்பதுக்கு ரேஷன் கார்டோடு பதினைந்து பேர் வரிசை.

"என்னத்தக் குடுக்குறாக?"

"இலவச டி.வி.யாம்."

"பஸ் கம்பெனியிலயா?"

"எங்க குடுத்தா என்னப்பு, வாங்கிப் போடு."

டி.வி. கேட்டுப் பதிந்தவருக்குத் தேனி பஸ் நேரம் வந்தது. ஆண்டனிராஜுக்கோ கண் கலங்கிவிட்டது. முதல் நாளே பதினைந்து யூசர்!

அகரத்திலிருந்து ஆனந்தமேரி வந்து இறங்கியது அப்போதுதான். சிறுமலைப் பள்ளி ஒன்றில் சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்திருந்தது. ஆணை கையில், அன்று மாலை நான்கு மணிக்குள் போய்ச் சேராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்கு. மலைக்குப் பஸ்ஸோ அத்திப்பூ.

திரைக்குப் பக்கத்தில் நின்ற ஆண்டனிராஜிடம் கேட்டார்: "தம்பி, சிறுமலை பஸ்ஸு எப்ப?"

"மிஷின்லயே பாக்கலாம்க்கா. ரொம்ப ஈசி."

"வாயத் தொறந்து சொல்லிட்டாத்தான் என்ன?"

"நானே சொன்னா அப்புறம் மிஷின் எதுக்குக்கா?"

எதற்கு என்பதுதானே கேள்வி? ஆனந்தமேரி திரைப் பக்கம் நகர்ந்தார். வரிசையில் நின்ற சௌகத் அலி விடவில்லை. "ஏத்தா, பின்னாடி போ! ஒனக்கு மட்டும் ரெண்டு டி.வி.யா?"

ஆனந்தமேரியின் முறை வந்தபோது பத்தடிக்க ஐந்து நிமிடம். பெயரை ஒற்றை விரலால் குத்தி முடித்தார். அடுத்து 'குடும்பப் பெயர்' என்றது திரை.

"குடும்பத்துக்கு எங்க தம்பி பேரு? வீட்டுக்குத்தான் கதவு நம்பர் இருக்கு."

"இனிஷியல் போடுங்கக்கா."

போட்டார். 'மூன்று எழுத்துக்குக் குறையக் கூடாது' என்று சிவப்பில் திட்டியது. அவர் செத்த நேரம் திகைத்து நின்றார். உடனே மேகம் நகர்ந்தது, தாமரை விரிந்தது. மறுபடியும் முதலிலிருந்து.

"யோசிக்கக் கூடாதுக்கா. யோசிச்சா அது தூங்கிரும்."

கட்டடத்தின் பின்பக்கம் ஏதோ ஒரு பஸ் ஹாரன் அடித்துக் கிளம்பியது. பெயர், அப்பா பெயர், ஊர், 'உறுதியா?', 'நிச்சயமாக உறுதியா?' எல்லாம் தாண்டித் திரை வாய் திறந்தது: 'சிறுமலை 10.10. அடுத்த பஸ் 3.40. இனிய பயணம்!'

மணி பத்தேகால். மூன்று நாற்பது பஸ் மலை ஏறி முடிப்பதற்குள் பள்ளிக்கூடத்தைப் பூட்டிவிடுவார்கள்.

ஆனந்தமேரி திரையைப் பார்த்தார். வெள்ளைச் சுவரைப் பார்த்தார். "இத அந்தச் செவுரு சும்மாவே சொல்லுச்சே தம்பி."

ஆண்டனிராஜ் நோட்டில் எழுதிக்கொண்டார்: 'யூசருக்குப் பயிற்சி தேவை.'

நல்ல வேளையாக, மலைவாழை ஏற்றப் போகிற காலி லாரி ஒன்று அந்த வழியாக வந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "செறுமல, செறுமல!" என்று ஒரு சத்தம் போட்டார். மேகம் இல்லை. தாமரை இல்லை. அப்பா பெயர் கேட்கவில்லை. ஆனந்தமேரி ஏறிக்கொண்டார்; பன்னிரண்டு மணிக்கு வேலையில் சேர்ந்தும் விட்டார்.

சிரிக்கிறீர்கள். நானும் அன்று அங்கே நின்று சிரித்தவன்தான். கம்ப்யூட்டர் சயின்ஸில் எங்கள் பட்டிக்கே முதல் பட்டம் வாங்கியவன் என்ற மிடுக்கோடு, அந்தத் திரையில் எத்தனை தப்பு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு. சிறுமலை பஸ் பத்து பத்துக்கு என்பது எனக்கு மனப்பாடம். அதை அந்த அம்மாவிடம் சொல்லலாம் என்று மட்டும் தோன்றவில்லை.

நீங்களாக இருந்தால் சொல்லியிருப்பீர்கள், இல்லையா? நிச்சயமாக? எட்டாவது தப்பைத் தேடிக்கொண்டிருக்க மாட்டீர்கள்?