எட்டுப் பேருக்கு மட்டும்

"விசா எங்கே?" என்று விமானக் கம்பனிப் பெண் மூன்றாவது தடவையாகக் கேட்டாள்.

சிவபாலன் மூன்றாவது தடவையாக அதே கடிதத்தை நீட்டினார். அமேசன் காட்டுப் பயணத்தை நடத்துகிறவர்கள் அனுப்பிய கடிதம். எட்டுப் பேர், ஒரு வழிகாட்டி, பதினெட்டு நாட்கள். கடைசிப் பந்தியில், 'ஒஸ்ரேலியர்களுக்கு விசா தேவையில்லை' என்று தெளிவாக எழுதியிருந்தது.

"நான் ஐந்து வருசமாக சிட்னியில்தான் இருக்கிறேன். வென்ட்வேர்த்வில்லில் சொந்த வீடு இருக்கிறது," என்றார்.

"பாஸ்போட் வேறு நாட்டினுடையதாயிற்றே."

சிவபாலன் பாஸ்போட்டைத் திருப்பிப் பார்த்தார். மேலே சிலோன் என்று இருந்தது. அந்தப் பெயரை அந்த நாடே கைவிட்டு நாலு வருசமாகிவிட்டது. வேலையிடத்தில் குழாய் வரைபடங்களில் கால் அங்குலப் பிழையைக்கூடக் கண்டுபிடிக்கிற மனிதர், ஒஸ்ரேலியர் என்ற சொல்லுக்குள் தானும் அடக்கம் என்று ஆறு மாதமாக நம்பியிருந்தார்.

வழிகாட்டி ஹொலிஸ் தாடியைச் சொறிந்துகொண்டு, "அடுத்த வருசம் பார்ப்போம்," என்றான். மற்ற ஆறு பேரும் கையசைத்துவிட்டு உள்ளே போனார்கள்.

சிவபாலன் பெட்டியோடு அங்கேயே நின்றார். நண்பர் விக்னராஜா போட்டுவிட்ட மாலை இன்னும் கழுத்தில் கிடந்தது.

விக்னராஜாவைக் கூப்பிட முடியாது. காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனது அவர்தான். தன்னுடைய கமராவையும் மூன்று ஃபிலிம் சுருள்களையும் கையில் திணித்தவரும் அவர்தான். "அண்ணை, ஒரு சுருளைக்கூட மிச்சம் வையாதையுங்கோ. வந்த உடனை உங்கட வீட்டிலை எல்லாருக்கும் படம் போடுறம்!" முந்திய ஞாயிற்றுக்கிழமை, அங்கே தெரிந்த பதினொரு தமிழ்க் குடும்பங்களையும் கூட்டிப் பிரியாவிடையும் வைத்திருந்தார். அதில் சிவபாலன் அரை மணித்தியாலம் பேசினார்.

மனைவி இரஞ்சிதத்துக்குத்தான் சொல்லவேண்டும். அவள் இரண்டு நாளைக்கு முன்பே மெல்பேர்ணுக்கு, தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவளை நினைத்ததும் சிவபாலன் பெட்டியைத் தரையில் வைத்தார்.

பறவைகள், மிருகங்கள் பற்றிய புத்தகங்களை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் சத்தமாக வாசிப்பார். இரஞ்சிதம் தையலோடு கதிரையில் இருந்து கேட்பாள். அமேசன் பயண விளம்பரம் வந்த வாரம் அவள் மெதுவாகக் கேட்டாள்.

"என்னப்பா, நானும் வரட்டே?"

"எட்டுப் பேருக்குத்தான் இடம். நிரம்பிப் போச்சு."

நிரம்பவில்லை. அவர் ஏழாவது ஆள். எட்டாவது இடம் கடைசிவரை காலியாகவே இருந்தது. பெண்சாதியோடு காட்டுக்குப் போனால் குடையும் தைலப்போத்தலும் கூட வரும் என்று அவர் பயந்தார்.

"சரி, அமேசன் வேண்டாம். தரோங்கா மிருகக்காட்சிச்சாலைக்கு எண்டாலும் ஒருநாள் கூட்டிக்கொண்டு போங்கோவன். அஞ்சு வருசமாய்க் கேக்கிறன்."

"கூட்டுக்கை கிடக்கிற மிருகத்தைப் பாக்கிறதும் ஒரு பார்வையே? போம், போய்த் தேத்தண்ணி போடும்."

அவள் போய்த் தேத்தண்ணி போட்டாள்.

சிவபாலன் மாலையைக் கழற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸும் ரயிலும் ஏறி வீட்டுக்கு வந்தார். உடனே மெல்பேர்ணுக்கு டெலிபோன் எடுத்தார். எடுத்தது தங்கையின் புருசன்.

"ஹலோ, வரதராஜா பேசுறன்."

சிவபாலன் எட்டு வருசத்துக்கு முன் ஒரு கல்யாண வீட்டில் வேறு யாருடையதோ செருப்பைப் போட்டுக்கொண்டு போனதை இன்றைக்கும் சபையில் நடித்துக் காட்டுகிறவர் வரதராஜா. சிவபாலன் மூச்சுக் காட்டாமல் டெலிபோனை வைத்தார். நாளைக்குச் சொல்லலாம்.

அந்த நாளைக்கு விடிந்ததும் பக்கத்து வீட்டு மிசிஸ் டோய்ல் பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வந்து, தன்னிடமிருந்த திறப்பால் கதவைத் திறந்தாள். சிவபாலன் பாய்ந்துபோய் அலுமாரிக்குள் ஏறிக் கதவைச் சாத்தினார். ஏறின அவசரத்தில் அலுமாரி ஆடியது. ஒரு தகரப்பெட்டி விழுந்து உருண்டது.

"கடவுளே, பொசம்!" என்றாள் மிசிஸ் டோய்ல். கூரைக்குள் குடியிருக்கும் அந்த மரநாய் மாதிரிப் பிராணி வீட்டுக்குள்ளேயே இறங்கிவிட்டது என்று நினைத்துவிட்டாள். விக்னராஜாவின் டெலிபோன் இலக்கத்தை இரஞ்சிதம் அவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

அரை மணித்தியாலத்தில் விக்னராஜா ஒரு கம்பிப் பொறியோடு வந்தார். மனைவி சந்திரவதனாவும் கூட வந்தாள்.

"அமேசனுக்குப் போன மனுசன்ரை வீட்டிலை மிருகம் குடியேறியிருக்கு, பாத்தீரே!" என்று விக்னராஜா சிரிப்பது அலுமாரிக்குள் கேட்டது. "வாழைப்பழம் வைச்சால் வரும்."

"பாவம் அண்ணை. இப்ப எந்தக் காட்டுக்கை என்ன பாடோ," என்றாள் சந்திரவதனா.

அண்ணை அப்போது இரஞ்சிதத்தின் சேலைகளுக்கு நடுவில், பூச்சி உருண்டை மணத்தில், ஒரு மட்டைப்பெட்டிமேல் குந்தியிருந்தார். பெட்டி நெளிந்தது. கதவு இடுக்கு வெளிச்சத்தில் அதைப் பார்த்தார். பெண்கள் காட்டில் நடக்கிற சப்பாத்துப் பெட்டி. மூடியில் சப்பாத்தின் படம். மண்ணிறத் தோல், சிவப்பு நாடா. அளவு ஐந்து. உள்ளே சப்பாத்து இல்லை. பொதிதாளும் கடைத் துண்டும் மட்டும் கிடந்தன.

துண்டில் இருந்த திகதியை அவர் இரண்டு தடவை வாசித்தார். 'நானும் வரட்டே' என்று இரஞ்சிதம் கேட்டதற்கு ஒரு கிழமை முந்திய திகதி.

முதலில் சப்பாத்தை வாங்கி வைத்துவிட்டுத்தான் அவள் கேட்டிருக்கிறாள்.

அவர்கள் போன பிறகும் சிவபாலன் வெகுநேரம் அலுமாரியை விட்டு இறங்கவில்லை. கடைசியில் பசி இறக்கியது. பயணம் போகிற வீடு என்று இரஞ்சிதம் குசினியில் ஒன்றும் மிச்சம் விடவில்லை. பொறிக்குள் இருந்த வாழைப்பழம்தான் இருந்தது. கையை விட்டு எடுத்தார். பொறி படாரென்று விழுந்து மணிக்கட்டைக் கவ்வியது. ஒருமாதிரி விடுவித்துக்கொண்டு, பழத்தைத் தின்று, பழக்கதோசத்தில் தோலைக் குப்பைக்கூடையில் போட்டார்.

மறுநாள் விக்னராஜா பொறியைப் பார்த்தார். பிறகு கூடையைப் பார்த்தார்.

"சந்திரா! இஞ்சை வாரும்! இந்தப் பொசம் தோலுரிச்சுச் சாப்பிட்டிட்டுத் தோலைக் குப்பைக்கை போட்டிருக்கு!"

"எங்கட வீட்டு ஆம்பிளையளுக்கே அந்தப் பழக்கம் இல்லை," என்றாள் சந்திரவதனா.

"இதை விடப்படாது. இண்டையிலை இருந்து நான் இஞ்சைதான் படுக்கை. உயிரோடை பிடிச்சுப் பேப்பருக்குக் குடுக்கப் போறன்."

அவர் படுக்கை எடுத்துவரப் போன இடைவெளியில் சிவபாலன் பெட்டியோடு பின்கதவால் வெளியேறினார். சென்ட்ரல் ஸ்டேசனுக்குக் கிட்ட ஒரு விடுதியில் அறை எடுத்தார்.

அந்த அறையில் ஒரு கட்டிலும் ஒரு ஜன்னலும் இருந்தன. ஜன்னலால் பார்த்தால் பக்கத்துக் கட்டடத்தின் குழாய்கள் தெரிந்தன. அதில் ஒன்று அவரே வரைந்த குழாய். தினமும் பேக்கரியில் இறைச்சிப் பணிஸ் வாங்கித் தின்றார். தினமும் இரஞ்சிதத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். 'நான் போகவில்லை' என்பதுவரை சுலபமாக வந்தது. 'உம்மைக் கூட்டிக்கொண்டு போயிருக்க இடம் இருந்தது' என்ற வரியில் ஒவ்வொரு நாளும் பேனா நின்றது. ஒவ்வொரு நாளும் கிழித்தார். அவளும் வந்திருந்தால் இரண்டு பேருமாக விமான நிலையத்திலிருந்து திரும்பி வந்திருப்பார்கள். அவள் சிரித்திருப்பாள். விசயம் அன்றைக்கே முடிந்திருக்கும்.

திரும்பி வரவேண்டிய ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோதுதான் கமரா நினைவுக்கு வந்தது. மூன்று சுருளும் அப்படியே கிடந்தன.

இரஞ்சிதம் பின்னேர ரயிலில் வருவதாகச் சொல்லியிருந்தாள். விக்னராஜா ஐந்து மணிக்கு விமான நிலையத்தில் நிற்பார். சிவபாலன் ஓடினார். தாவரப் பூங்காவில் பனைகளையும் கொடிகளையும் எடுத்தார். ஒரு கழிமுகச் சேற்றை அமேசன் ஆறாக எடுத்தார். பிறகு படகேறி, கூட்டுக்குள் கிடக்கிற மிருகங்களைப் பார்ப்பது பார்வையல்ல என்று தாம் சொன்ன அதே தரோங்காவுக்குப் போனார். கம்பி விழாமல், கண்ணாடி மினுங்காமல், குனிந்தும் முழங்காலில் நின்றும் எடுத்தார். அமேசனில் காண அவர் ஆசைப்பட்ட பெரிய சிவப்புக் கிளி ஒன்றைத் திறந்த வெளியில் மரக்கொம்பில் விட்டிருந்தார்கள். கடைசிப் படம் அதுதான். கிளியின் கண்ணைக் குறிவைத்து அமுக்கிவிட்டு, விமான நிலையத்துக்குப் போய், வருகிறவர்களோடு கலந்து நின்றார்.

"அண்ணை! நல்லாய் மெலிஞ்சு போனியள்! காடு எண்டால் காடுதான்!" என்று விக்னராஜா கட்டிப்பிடித்தார். "கையிலை என்ன காயம்?"

"பிராணி ஒண்டு கவ்விப்போட்டுது."

"ஐயோ! என்ன பிராணி?"

"பேர் தெரியாது," என்றார் சிவபாலன்.

வீட்டில் இரஞ்சிதம் ஏற்கனவே வந்து கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள். அவருக்குச் சோறு போட்டுவிட்டு எதிரே இருந்தாள்.

"சிவப்புக் கிளியைக் கண்டனீங்களே?"

"கண்டனான்."

"அது கத்தினால் காது அடைச்சுப் போகும், என்னப்பா?"

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

அவள் சட்டென்று எழும்பி அடுப்பைப் பார்த்தாள். "நீங்கள்தானே வாசிச்சனீங்கள்."

அப்படி எந்தப் புத்தகத்தில் வாசித்தோம் என்று அவருக்கு நினைவு வரவில்லை. சொல்வதற்கு வாய் திறந்தார். "இரஞ்சி, அங்கை வந்து..."

"என்ன?"

"நுளம்புக்கடி கூட," என்றார். நாளைக்குச் சொல்லலாம்.

அப்படிப் பல 'நாளைக்கு'கள் வந்து போயின. ஃபிலிமைக் கழுவி, மட்டை கட்டிய சிறு ஸ்லைட் துண்டுகளாகத் தபாலில் அனுப்பினார்கள். சிவபாலன் ஒவ்வொன்றாகப் பல்ப்புக்கு நேரே பிடித்துப் பார்த்தார். நகமளவுதான் படம். கம்பி தெரிந்தவற்றையும் ஐஸ்கிரீம் கடை விழுந்த ஒன்றையும் எறிந்தார். மிஞ்சியது இருபத்திரண்டு.

ஞாயிறு பின்னேரம் பதினொரு குடும்பமும் வந்து சேர்ந்தது. ஜன்னல்களுக்குக் கம்பளி கட்டினார்கள். சுவரில் சிவபாலனின் வேட்டிதான் திரை. படக்கருவியை விக்னராஜா இயக்கினார். குசினி வாசலில் இரஞ்சிதம் பற்றிஸ் பலகாரத் தட்டோடு நின்றாள். கடைசிப் படம் முடிந்ததும், ஆட்கள் எழும்ப முன்னம், அவளைக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதென்று அவர் முடிவு செய்திருந்தார். இந்த முறை நாளைக்கு இல்லை.

"இது அமேசன் ஆறு."

"அண்ணை, அதிலை ஒரு கார் ரயர் மிதக்குது."

"அங்கையும் நாகரிகம் வந்திட்டுது."

"பாம்பு கண்ணாடிக்குள்ளை கிடக்கிற மாதிரியெல்லோ இருக்கு?"

"அது தண்ணியின்ரை மினுக்கம்."

"எல்லாம் சரி, உங்கட வீட்டுப் பொசத்தை அடிக்க அங்கை ஒண்டும் இல்லை," என்றார் விக்னராஜா. "ஒரு கிழமை காவல் கிடந்தும் அது திரும்பி வரேல்லையே!"

எல்லோரும் சிரித்தார்கள். படத்துக்குப் படம் சிவபாலனுக்குத் துணிவு கூடியது. குரலும் கூடியது.

"இனிக் கடைசிப் படம். இந்த இடத்துக்கு மூண்டு நாள் வள்ளத்திலை போகவேணும். நூறு மைலுக்கு ஒரு மனுசச் சீவன் கிடையாது."

விக்னராஜா படத்தை மாற்றினார்.

வேட்டி நிறையச் சிவப்புக் கிளி. சபை "ஆ!" என்றது. கிளிக்குப் பின்னால், இடது பக்கத்தில், ஆட்கள் குந்துகிற நீள வாங்கு. வாங்கில் ஒரு பெண். பச்சைச் சேலை, மேலே கம்பளிச் சட்டை, பக்கத்தில் ரயில் பயணப் பெட்டி. கால்களை நீட்டியிருந்தாள். காலில் மண்ணிறச் சப்பாத்து, சிவப்பு நாடா. கிளியைப் பார்த்து வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அப்படி அவள் சிரித்து இந்த ஐந்து வருசத்தில் சிவபாலன் கண்டதில்லை.

குசினி வாசலில் தட்டு கதவில் முட்டுகிற சத்தம் கேட்டது. அவர் திரும்பினார். இரஞ்சிதம் வேட்டியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

சந்திரவதனாதான் முதலில் கைதட்டினாள்.

"அட, அக்காவையும் கூட்டிக்கொண்டெல்லோ போயிருக்கிறியள் அண்ணை! ஏன் இவ்வளவு நாளும் ஒருத்தருக்கும் சொல்லேல்லை?"