பிழை ஏதுமில்லாத பக்கம்

அன்பு மகள் தொமோயோவுக்கு,

மழைக்காலம் முடிந்து ஒனோமிச்சி மேட்டில் சிள்வண்டுகள் கத்தத் தொடங்கிவிட்டன. ஒசாகாவில் அலுவலகக் குளிரூட்டி உன்னை இருமவைக்காமல் இருக்க வேண்டுகிறேன். நான் நலம். இதை முதலிலேயே எழுதிவிட்டால் மீதியைப் பதறாமல் படிப்பாய்.

இந்த ஆண்டு தெருச்சங்கப் பொறுப்பு முறைப்படி நம் வீட்டுக்கு வந்தது. வீடு வீடாகக் கைமாறும் அறிவிப்புப் பலகையை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் இணையப் பக்கத்தில் போடலாம் என்று கூட்டத்தில் சொன்னவன் நான்தான், கை தட்டினார்கள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். பக்கத்தின் நிரலை எழுதி, பிழை பார்க்க நீ சொன்ன இணையக் கருவியில் போட்டேன், திரை முழுக்கச் சிவப்பு. நிரலில் திறந்த குறியை மூடவில்லையாம். தலைப்புகளில் முதல் படியிலிருந்து நேரே நாலாம் படிக்குக் குதித்தேனாம். நகராட்சியில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியவனுக்கு இது சொல்லியா தெரிய வேண்டும், துறைத் தலைவருக்கு அடுத்த நாற்காலியில் கடைநிலை எழுத்தர் உட்கார்ந்தால் நாங்களும் ஒத்துக்கொள்ள மாட்டோம். அப்புறம் குப்பைக் கூண்டின் படத்துக்கு விளக்கம் எங்கே என்று கேட்டது, பார்வை இல்லாதவர்களுக்கு வாசித்துக் காட்டவாம், நியாயம்தானே, "பச்சை வலை போட்ட குப்பைக் கூண்டு. மேலே இருக்கும் காகம் சங்க உறுப்பினர் அல்ல" என்று எழுதினேன், கருவி மறுபேச்சு பேசவில்லை. உனக்குப் போன் பண்ணினேன். "அப்பா, மீட்டிங்ல இருக்கேன். பச்சை வந்துட்டா சரிப்பா, அப்புறம் என்னைக் கூப்பிட வேண்டியதே இல்ல"ன்னு வச்சுட்ட. பச்சையும் வந்துடுச்சு.

மறுநாள் கீழ்வீட்டு குவபாரா அம்மா வந்தார். "நிஷிதானி சார், எழுத்து எவ்வளவு தெளிவா இருக்கு. இனிமே பலகையைத் தூக்கிக்கிட்டு இந்தப் படியெல்லாம் ஏற வேண்டாம். என் முட்டி பொழச்சுது" என்று தலை வணங்கிவிட்டுப் போனார். அதோடு சரி. இத்தனை நாளும் பலகையோடுதான் அவரும் வந்தார், அவரோடுதான் கத்தரிக்காய் ஊறுகாயும் வந்தது என்பது அப்புறம்தான் உறைத்தது. கதவு மணி அடிக்கறதே இல்ல. பேட்டரி போச்சோன்னு நானே வெளியில போய் அமுக்கிப் பாத்தேன், நல்லாத்தான் அடிக்குது. தனியா இருக்கும்மா. வீட்ல என்கிட்டப் பேசற ஒரே ஆள் அந்தக் கருவிதான், அதுவும் இப்ப 'பிழை ஏதுமில்லை'ங்கறதோட நிறுத்திக்குது.

ஆனாலும் நீ கவலைப்பட ஒன்றுமில்லை. பக்கம் எல்லா விதிகளுக்கும் உட்பட்டே நிற்கிறது. முன்னோரை வணங்கும் ஓபோன் பண்டிகைக்கு விடுப்பு கிடைக்காவிட்டால் அலைய வேண்டாம். வேளைக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு, நூறாண்டு நலமாக இரு.

உன் தகப்பன்,
நிஷிதானி கோசாகு

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. இன்று காலை ஒரே ஒரு மூடும் குறியை நானே எடுத்துவிட்டேன். பாதிப் பக்கம் காணாமல் போய், இன்று எந்த வகைக் குப்பை போடும் நாள் என்று தெரியாமல் தெருவே மேடேறி வந்துவிட்டது. குவபாரா அம்மா முட்டியைத் தேய்த்துக்கொண்டே, "இது சரியாகற வரைக்கும் நான் தினம் வந்து கேட்டுக்கறேன் சார்" என்கிறார். உள்ளே தேநீர் கொதிக்கிறது. நீ அங்கிருந்தபடியே சரிசெய்துவிடுவாய் என்று தெரியும், அதனால் கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். வேண்டுமென்றால் நேரில் வந்து கேட்டு வாங்கிக்கொள்.