வில்லைக்கு ஒரு பொட்டு

இருபது வில்லைகளும் ஒரே வெள்ளையாக இருந்தன. எது கோலாவில் ஊறியது, எது காபியில் ஊறியது, எது திராட்சை சோடாவில் ஊறியது, எது வெறும் தண்ணீரில் கிடந்தது என்று கடவுளே வந்தாலும் சொல்ல முடியாதபடி கங்காதரன் அவற்றைத் தேய்த்து வைத்திருந்தான். அதுவும் பல்பொடி போட்டு.

படூரில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில் அவன் ஆய்வக உதவியாளன். மாற்றலாகி இந்த அறைக்கு வந்து மூன்றே நாள். நேற்று ஆயுத பூஜை. பூஜைக்கு முன்னால் கண்ணில் பட்டதையெல்லாம் கழுவித் துடைப்பது அவன் வழக்கம். மேசையில் நான்கு குவளைகளில், கலங்கிய தண்ணீரில், சட்டைப் பொத்தான் அளவுக்கு என்னவோ கிடப்பதைப் பார்த்தான். பொறுக்கவில்லை. கொட்டினான், தேய்த்தான், ஒரே தட்டில் பரப்பி வில்லைக்கு ஒரு குங்குமப் பொட்டு வைத்தான். பக்கத்தில் இருந்த காகிதச் சீட்டின் மேலும் சந்தனம் அப்பினான்.

இன்று தட்டை எடுக்க வந்தபோது, சந்தனம் காய்ந்து உதிர்ந்து எழுத்து தெரிந்தது. 'கோலா, காபி, திராட்சை சோடா, தண்ணீர். இருபத்தெட்டு நாள். தொடக் கூடாது. டாக்டர் காயத்ரி.'

முன்பு இந்த அறையைப் பார்த்துக்கொண்ட ஜெபா விடுமுறைக்குக் கோவளம் போயிருந்தான். கங்காதரன் அவனுக்குப் போன் போட்டான்.

"அது பல்லுல அடைக்கிற வெள்ளை சிமெண்ட்டு அண்ணாத்த. கூல்டிரிங்ஸ எவ்ளோ குடிக்குது, எவ்ளோ கலர் ஏறுதுன்னு பாக்க மேடம் ஊற வெச்சுக்கீறாங்க. அத வெச்சுதான் அவங்க படிப்பே."

"நான் தேய்ச்சுட்டேன்டா."

மறுபடியும் ஊறப் போடு, வேறு வழி இல்லை என்று சொல்லிவிட்டு ஜெபா போனை வைத்துவிட்டான்.

இருபத்தெட்டு நாள் காத்திருந்த பெண்ணின் படிப்பைத் தன் கையாலேயே கழுவி ஊற்றிவிட்டோமே என்று கங்காதரன் தலையில் அடித்துக்கொண்டான். மேடத்தின் எண்ணை இரண்டு முறை அழுத்தி, மணி அடிப்பதற்குள் துண்டித்தான்.

கேளம்பாக்கம் வரை போய் கோலாவும் திராட்சை சோடாவும் வாங்கி வந்தான். குத்துமதிப்பாக ஐந்தைந்தாகப் பிரித்துப் போட்டான். சாயங்காலம் வரை உட்கார்ந்து பார்த்தும் ஒரு வில்லையும் நிறம் மாறவில்லை. நான்கு வாரம் குடித்ததை நாலு மணி நேரத்தில் குடி என்றால் அது என்ன செய்யும்?

சூட்டில் சீக்கிரம் ஏறும் என்று தோன்றியது. டீ போடும் கெட்டிலில் கோலாவைக் கொதிக்கவிட்டான். ஏறியது. அடுத்து அதே கெட்டிலில் தண்ணீர் வில்லைகளைக் கழுவப் போட்டான். மிச்சமிருந்த குங்குமம் கரைந்து அவை ரோஜா நிறமாயின. பாத்திரம் தேய்க்கும் பொடியால் அதை எடுக்கப் போனான். வழவழப்பு போய் சொரசொரப்பானது. சொரசொரப்பில் காபி பட்டதும், விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டது. கடைசியில் தண்ணீரில் கிடந்ததுதான் எல்லாவற்றையும்விடக் கறுப்பாக இருந்தது.

மறுநாள் காலை காயத்ரி மேடம் உள்ளே வந்ததும் மறைக்க அவனுக்கு மனம் வரவில்லை. தட்டை நீட்டினான்.

"உங்க படிப்புல கைய வெச்சுட்டேன் மேடம். இன்னா தண்டனை குடுத்தாலும் சரி."

பல்பொடி முதல் கெட்டில் வரை ஒன்று விடாமல் சொன்னான். மேடம் ஒரு கறுத்த வில்லையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். திட்டுவார் என்று கண்ணை மூடிக்கொண்டவனுக்குச் சிரிப்புச் சத்தம்தான் கேட்டது. அவர் சிரித்துச் சிரித்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஏன் என்று புரியாமல் கங்காதரன் தட்டும் கையுமாக நின்றான்.

"கன்னியம்மா, இது ஏன் இன்னும் இங்கயே இருக்கு?" என்று வாசலைப் பார்த்துக் கேட்டார் மேடம்.

கூட்டிக்கொண்டிருந்த கன்னியம்மா நிமிர்ந்தாள்.

"எடை போட்டாச்சு, எழுதியாச்சு, குப்பையில போட்டுடுன்னு நீங்க முந்தாநாளே சொல்லிட்டீங்க மேடம். நான் எடுக்க வர்றதுக்குள்ள அண்ணாத்த பொட்டு வெச்சுட்டாரு, பொட்டு வெச்சத எப்டி குப்பையில போடறது?"