சஹனில் வைத்த வெள்ளரிக்காய்

எங்கள் ஆட்களிடம், கலியாண வீட்டில் ஒருவன் "இறைச்சி வாணாம்" என்றால் அதற்கு இரண்டு காரணம்தான் இருக்கலாம். ஒன்று, அவனுக்கு அந்த வீட்டோடு கோபம். இல்லாவிட்டால் அவன் சாகக் கிடக்கிறான். மூன்றாவதாக ஒரு காரணம் காட்டப் போய், என் தங்கச்சியின் கலியாணத்தையே கவிழ்க்கப் பார்த்தவன் நான்.

கண்டிக்குப் பக்கத்தில், கட்டுகஸ்தோட்டையில் எனக்கு டைல்ஸ் கடை. அப்போதெல்லாம் என் வயிறு முதலில் கடைக்குள் நுழையும், பின்னால் நான் போவேன். ஒரு நாள் ஊர் மண்டபத்தில் புற்றுநோய் டாக்டர் ஒருவர் வந்து பேசினார். புகையிலையை விடுங்கள், இறைச்சியைக் குறையுங்கள், தட்டில் பாதிக்கு மரக்கறி இருக்கட்டும், தினமும் நடங்கள், புற்றுநோய் வருத்தம் வரும் ஆபத்தைக் குறைக்கலாம் என்றார். எல்லோரும் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் புரியாணி சாப்பிட்டார்கள். எனக்கு மட்டும் பேய் பிடித்துவிட்டது. மறுநாளே மகாவலிப் பாலத்தில் நடக்கத் தொடங்கினேன். (போகிற வருகிறவர்கள் எல்லாம் பைக்கை நிறுத்தி, "என்ன, வேன் பழுதா?" என்று கேட்டார்கள்.)

அந்தச் சூட்டோடு தெல்தெனியவில் சொந்தக்காரர் கலியாணம் வந்தது. எங்கள் கலியாணங்களில் சாப்பாடு சஹனில்தான். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து, அவரவர் பக்கத்துச் சோற்றை அவரவர் சாப்பிட வேண்டும். நல்ல இறைச்சித் துண்டை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவது மரியாதை. என் சஹனில் எனக்கு நேர் எதிரே உட்கார்ந்தவர் கடுகண்ணாவை ஹாஜியார். தன் மகனுக்கு என் தங்கச்சி ஷிபாவைப் பார்த்துவிட்டுப் போனவர், இன்னும் பதில் சொல்லாதவர். ஷிபாவுக்கு அந்த மாப்பிள்ளையை நன்றாகப் பிடித்திருந்தது.

ஹாஜியார் ஒரு துண்டு இறைச்சியை என் பக்கம் தள்ளினார். நான் திருப்பித் தள்ளினேன். அவர் மறுபடி தள்ளினார். நான் பைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் பெட்டியை எடுத்து, வெட்டிய வெள்ளரிக்காயையும் வல்லாரைச் சம்பலையும் என் பக்கத்துச் சோற்றில் பரப்பினேன். (இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.)

"என்ன மகன் இது?" என்றார் ஹாஜியார்.

"டாக்டர் சென்னது, ஹாஜியார்."

"என்ன டாக்டர்?"

"புற்றுநோய் டாக்டர்."

சஹனில் ஐந்து கைகள் அப்படியே நின்றன. எல்லோரும் என் அறிவைக் கண்டு மலைத்துவிட்டார்கள் என்று நினைத்தேன். உற்சாகம் வந்துவிட்டது. "பயப்பட ஒண்டுமில்ல. நேரத்தோட பாத்தா சொகமாக்கலாம்," என்றேன். பக்கத்திலிருந்தவர் தன் கோழிக்காலை என் பக்கம் வைத்தார். இன்னொருவர் முட்டையை வைத்தார். "ஆசப்பட்டதச் சாப்பிடுங்க மகன்," என்றார் ஹாஜியார், கண் கலங்க.

நான் கட்டுகஸ்தோட்டைக்கு வந்து சேருமுன் செய்தி வந்து சேர்ந்திருந்தது. உம்மா வாசலில் நின்று அழுதா. "பெத்தவக்கிட்டயே மறச்சிட்டியே மகன்." விளக்கிச் சொல்லி முடிக்க இரவு இஷாத் தொழுகை நேரமாகிவிட்டது. அதற்குப் பிறகும் கடுகண்ணாவையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. கலியாணத் தரகரைக் கேட்டால், "பரம்பர வருத்தமோ எண்டு ஆக்கள் கதைக்கிறாங்க," என்றார். ஷிபா எனக்குத் தேத்தண்ணி தருவதையே நிறுத்திவிட்டாள். "ஒங்கட வெள்ளரிக்காய்ல என்ட கலியாணம் போச்சு நானா," என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். எங்களிடம் நானா என்றால் அண்ணன். அவளை வளர்த்தவன் நான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாஜியார் தனியாக வந்தார். கையில் அப்பிள், ஒரு குலை முந்திரிப்பழம், மால்ட் டின். நோயாளியைப் பார்க்கப் போகும்போது கொண்டு போகும் அதே சாமான்கள். நான் அவரைக் கதிரையில் இருத்தி, அல்லாஹ்மேல் ஆணையாக எனக்கு ஒரு நோயும் இல்லை, பேச்சு மட்டும்தான் கேட்டேன் என்றேன். அவர் நம்பவில்லை. போட்டிருந்த சேட்டைக் கழற்றாத குறையாக நிரூபித்தேன். கடைசியில் நம்பினார். நம்பியதும் அவர் முகம் விழுந்துவிட்டது.

எனக்குக் கோபமே வந்தது. "நான் சொகமா ஈக்கிறது ஒங்களுக்குச் சந்தோசமில்லயா ஹாஜியார்?"

அவர் கதவைப் பார்த்தார். பிறகு ஒரு விரலால் கன்னத்தை உள்ளிருந்து இழுத்துக் காட்டினார். வெற்றிலையும் புகையிலையும் வருடக்கணக்காக ஒதுக்கிய இடத்தில் வெள்ளையாக ஒரு படை.

"கன நாளா ஈக்கிது. பேர் செல்லவும் பயம். ஒங்களுக்கும் அந்த வருத்தம் எண்டு கேள்விப்பட்டதும், தொணைக்கு ஒரு ஆள் கெடச்சான் எண்டு நெனச்சன். வாப்பாக்கு இப்பிடி எண்டா, மகனுக்கு யார் பொண்ணு குடுப்பா? அதாலதான் நான் பதில் செல்லல்ல."

நாங்கள் அவருக்குப் பயந்துகொண்டிருக்க, அவர் எங்களுக்குப் பயந்துகொண்டிருந்திருக்கிறார்.

மறுநாள் காலையில் அவரைக் கண்டி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். பரிசோதனை முடிவு வரும்வரை இரண்டு பேருமே தூங்கவில்லை. இன்னும் புற்றுநோயாக மாறவில்லை, வெற்றிலையை இன்றோடு விடுங்கள், தவறாமல் வந்து காட்டுங்கள் என்றார் டாக்டர். ஹாஜியார் வெளியே வந்து, மடியிலிருந்த வெற்றிலைப் பொட்டலத்தைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, பஸ் தரிப்பிடத்திலேயே கலியாணத்துக்கு நாள் பேசினார்.

இப்போது கடுகண்ணாவையில் யாருக்கு வாயில் புண் வந்தாலும், எங்கே ஒரு கட்டி தெரிந்தாலும், முதல் போன் கோல் எனக்குத்தான் வரும். கூட்டிப்போகும் வேலை என்னுடையது. அந்த வீட்டில் என் பேர் யாருக்கும் ஞாபகமில்லை. போன பெருநாளைக்கு ஷிபாவின் மகள் தன் கூட்டாளிக்கு என்னை அறிமுகப்படுத்தினாள்.

"இதுதான் எங்கட சொகமில்லாத மாமா. இவருக்கு ஒரு வருத்தமும் இல்ல."